ஏற்றத்தாழ்வை எப்படி அளக்கிறார்கள்? சமூகவியலின் கருவிகளும் அவை எட்டாத இடங்களும்

2025 ஏப்ரலில் உலக வங்கி இந்தியாவைப் பற்றி வெளியிட்ட சுருக்க அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. நுகர்வை வைத்துக் கணக்கிட்டால், கினி குறியீடு (ஏற்றத்தாழ்வை 0 முதல் 100 வரை சொல்லும் எண்) 2011-12இல் 28.8 ஆக இருந்தது 2022-23இல் 25.5 ஆக இறங்கியிருக்கிறது. அதாவது ஏற்றத்தாழ்வு குறைந்திருக்கிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின் வருமானக் கணக்கை எடுத்துக்கொண்டால், 2004இல் 52 ஆக இருந்தது 2023இல் 62 ஆக ஏறியிருக்கிறது. அதாவது கூடியிருக்கிறது. ஜூலையில் அரசு முதல் எண்ணை எடுத்து, உலகிலேயே சமத்துவம் மிகுந்த நாடுகளில் இந்தியாவுக்கு நான்காம் இடம் என்று செய்திக்குறிப்பு வெளியிட்டது. விமர்சகர்கள் இரண்டாவது எண்ணைக் கையில் எடுத்தார்கள். நடுவில் இருந்த வாசகர் குழம்பிப்போனார்.

இரண்டில் எதுவும் பொய்க்கணக்கு அல்ல. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் பாதி வேலை. மீதிப் பாதி அதைவிடக் கடினமானது: இடைவெளி எவ்வளவு என்று அளந்து முடித்த பிறகு, அது ஏன் தலைமுறை தாண்டியும் கலையாமல் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. சமூகவியலாளர்கள் தங்கள் காலத்தை அதிகம் செலவிடுவது இந்த இரண்டாம் பாதியில்தான்.

அளப்பதற்கு முன் மூன்று கேள்விகள்

1. எதில் ஏற்றத்தாழ்வு? நுகர்வு, வருமானம், சொத்து மூன்றும் மூன்று வெவ்வேறு படங்களைத் தரும். இல்லாதவர் கடன் வாங்கியாவது செலவு செய்தாக வேண்டும். இருப்பவர் வருமானத்தில் ஒரு பகுதியைத்தான் செலவழிக்கிறார், மிச்சம் சேமிப்பாகிறது. எனவே நுகர்வில் தெரியும் இடைவெளி பெரும்பாலும் வருமானத்தைவிடக் குறைவு. சேமிப்பு ஆண்டுக்கணக்கில் குவிந்து சொத்தாவதால் அங்கே இடைவெளி மிக அதிகம். பணம் அல்லாத கணக்குகளும் உண்டு: ஆயுள், கல்வி, மரியாதை, ஓய்வு நேரம்.

2. யாருக்கும் யாருக்கும் இடையே? பெரும்பாலான கணக்கெடுப்புகள் குடும்பத்தை ஓர் அலகாக எடுத்து, மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுகின்றன. கணவன், மனைவி, மாமியார், மகள் எல்லோருக்கும் சமபங்கு கிடைப்பதாக அந்த வகுத்தல் எடுத்துக்கொள்கிறது. ஒரே கூரைக்குக் கீழே உள்ள ஏற்றத்தாழ்வு கணக்குக்குள் வருவதற்கு முன்பே அழிக்கப்பட்டுவிடுகிறது.

3. இடைவெளியா, விகிதமா? ஒருவர் வருமானம் 10இலிருந்து 20 ஆகிறது, இன்னொருவருடையது 100இலிருந்து 180 ஆகிறது. பத்து மடங்காக இருந்தது ஒன்பது மடங்காகிவிட்டது, ஆகவே ஏற்றத்தாழ்வு குறைந்தது என்று ஒருவர் சொல்லலாம். 90 ஆக இருந்த வித்தியாசம் 160 ஆகிவிட்டது, ஆகவே கூடியது என்று இன்னொருவர் சொல்லலாம். தொலைக்காட்சி விவாதங்களில் மோதிக்கொள்ளும் எண்கள் பலவும் இந்த ரகம்.

கினி எண் எதை மறைக்கிறது?

இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி 1912இல் முன்வைத்த அளவு இது. எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0. எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 1. நூறால் பெருக்கிச் சொன்னால் 100. ஒரு சமுதாயம் முழுவதையும் ஒரே எண்ணில் சுருக்கித் தருவதுதான் அதன் வசதி, ஆபத்தும் அதுவே.

ஐந்து பேர் கொண்ட இரண்டு சமுதாயங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மொத்த வருமானம் 100. முதலாவதில் ஒருவருக்கு ஒன்றுமே இல்லை, மற்ற நால்வருக்குத் தலா 25. இரண்டாவதில் நால்வருக்குத் தலா 15, ஒருவருக்கு மட்டும் 40. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் கினி சரியாக 0.2. முதல் சமுதாயத்தில் ஒருவர் அடியோடு ஒதுக்கப்பட்டிருக்கிறார். இரண்டாவதில் எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது, ஒருவர் மட்டும் மேலே போய்விட்டார். அங்கே எழும் அரசியல் கேள்வியும் இங்கே எழும் அரசியல் கேள்வியும் ஒன்றல்ல. கினிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இன்னொன்றும் அதற்குத் தெரியாது. முதல் சமுதாயத்தில் ஒன்றுமில்லாத அந்த ஒருவர் யார்? ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறுகிறாரா, அல்லது அவர், அவர் மகன், அவர் பேத்தி என்று ஒரே வம்சமா? அமெரிக்காவில் 1968இல் ஏறத்தாழ 5,000 குடும்பங்களோடு ஒரு தொடர் கணக்கெடுப்பைத் தொடங்கி, அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அப்படிப் பின்தொடராமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஆள் பிடித்துக் கேட்கும் கணக்கெடுப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதில் உதவாது.

இடைவெளியிலிருந்து உறவுக்கு

சமூகவியலின் தனிப் பார்வை தொடங்குவது இங்கேதான். ஒருவரிடம் அதிகம் இருப்பதற்கும் இன்னொருவரிடம் குறைவாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா? மார்க்ஸின் விடை: உண்டு, அந்தத் தொடர்புதான் எல்லாமே. உற்பத்திச் சாதனங்களை உடைமையாக வைத்திருப்பவருக்கும் உழைப்பை விற்பவருக்கும் உள்ள உறவே வர்க்கம்; வருமான வேறுபாடு அதன் விளைவு.

மாக்ஸ் வேபர் அதை மூன்று இழைகளாகப் பிரித்தார். சந்தையில் ஒருவருக்கு உள்ள நிலை வர்க்கம். சமுதாயம் அவருக்குத் தரும் மதிப்பு அந்தஸ்து. முடிவுகளைத் தன் பக்கம் திருப்பும் வலிமை அதிகாரம். மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், ஆனால் சேர்ந்தே இருந்தாக வேண்டும் என்பதில்லை. காசு இருந்தும் மதிப்பு இல்லாதவர், மதிப்பு இருந்தும் காசு இல்லாதவர் எந்த ஊரிலும் உண்டு.

இந்தப் பிரிப்பைக் களத்தில் வைத்துச் சோதித்த ஆய்வுகளில் ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ முக்கியமானது. தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்து எழுதினார். முன்பு நிலம், சாதி உயர்வு, ஊர் அதிகாரம் மூன்றும் ஒரே கூட்டத்தாரிடம் இருந்தன. அவர் போன 1960களின் தொடக்கத்தில் அந்த முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது. பஞ்சாயத்தும் கட்சியும் பிராமணர் அல்லாதார் கைக்கு வந்துவிட்டன. நிலமும் கைமாறத் தொடங்கியிருந்தது. சடங்கு அந்தஸ்து மட்டும் பழைய இடத்தில் இருந்தது. ‘ஏற்றத்தாழ்வு குறைந்ததா?’ என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தால் அந்த ஊருக்கு விடையே சொல்லியிருக்க முடியாது.

அந்தஸ்து என்பது வெறும் பெருமை விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு பிரிட்டனின் ‘வைட்ஹால்’ ஆய்வு பதில் சொல்லும். 1967இல் தொடங்கி, லண்டனில் பணியாற்றிய 17,000க்கு மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். பரம ஏழை என்று யாரும் இல்லை. இருந்தும் கடைநிலைப் பணியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உயர்நிலை அதிகாரிகளுடையதைப் போல் சுமார் மூன்று மடங்கு. அதைவிட முக்கியம், நடுவில் இருந்தவர்களும் நடுவிலேயே இருந்தார்கள்: ஒவ்வொரு படிக்கும் மேற்படியைவிட ஆயுள் குறைவு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. ஏழ்மை ஒரு கோடு, அதற்குக் கீழே இருப்பவருக்கு மட்டும்தான் பிரச்சினை என்ற எண்ணத்தை அசைத்த ஆய்வு இது.

திறமைசாலிகளைக் கடினமான பதவிகளுக்கு இழுக்க ஏற்றத்தாழ்வு தேவை என்று சமூகவியலாளர்கள் டேவிஸும் மூரும் 1945இல் ஒரு கோட்பாடு வைத்தார்கள். 1953இல் மெல்வின் டூமின் அதற்கு எழுதிய மறுப்பில் ஒரு கேள்வி முக்கியமானது: மேலே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கே பயிற்சி கிடைக்கிறது என்றால், மற்றவர்களிடம் திறமை இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? என் பார்வையில் அந்தக் கோட்பாடு இதிலிருந்து மீளவில்லை.

ஏணி நீண்டதா, வரிசை மாறியதா?

‘என் தாத்தா கூலி, நான் அதிகாரி, யார் வேண்டுமானாலும் முன்னேறலாம்’ என்ற வாதத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். இதைச் சோதிக்க சமூகவியலாளர்கள் பயன்படுத்தும் கணக்கு, பொது விவாதத்தில் வர வேண்டிய அளவுக்கு வருவதில்லை. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

ஒரு கற்பனை நாட்டில் இரண்டே வகை வேலைகள்: மேல்நிலை, கீழ்நிலை.

1. பெற்றோர் காலம். மேல்நிலைக் குடும்பத்தில் பிறந்த 100 பேரில் 60 பேர் மேலேயே இருந்தார்கள், 40 பேர் இறங்கினார்கள். 60க்கு 40 என்றால் 1.5. கீழ்நிலைக் குடும்பத்தில் பிறந்த 300 பேரில் 60 பேர் ஏறினார்கள், 240 பேர் அங்கேயே நின்றார்கள். 60க்கு 240 என்றால் 0.25. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 6.

2. பிள்ளைகள் காலம். அலுவலக வேலைகள் பெருகிவிட்டன. மேல்நிலையில் பிறந்த 100 பேரில் 75 பேர் அங்கேயே. 75க்கு 25 என்றால் 3. கீழ்நிலையில் பிறந்த 300 பேரில் 100 பேர் ஏறிவிட்டார்கள். 100க்கு 200 என்றால் 0.5. வகுத்தால் மறுபடியும் 6.

கீழேயிருந்து மேலே வந்தவர்கள் 60இலிருந்து 100 ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஒரு வெற்றிக்கதை இருக்கிறது, அந்தக் கதை உண்மையும்கூட. ஆனால் மேலே பிறந்தவருக்கும் கீழே பிறந்தவருக்கும் இடையே நடக்கும் போட்டியில் முன்னவருக்கு இருந்த ஆறு மடங்குச் சாதகம் துளியும் குறையவில்லை. வேலைகளின் எண்ணிக்கைதான் கூடியது, போட்டி நியாயமாகவில்லை. முன்னதை முழுமையான சமூக நகர்வு என்றும் பின்னதை ஒப்பீட்டுச் சமூக நகர்வு என்றும் பிரிக்கிறார்கள்.

சமூகவியலாளர்கள் எரிக்சனும் கோல்ட்தோர்ப்பும் தொழில்மயமான நாடுகளின் தரவுகளை வைத்து 1992இல் வந்த முடிவு ஏறத்தாழ இதுதான்: தொழிலமைப்பு ஓயாமல் மாறுகிறது, ஒப்பீட்டுச் சாதகம் பெரிதாக மாறுவதில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்திருப்பதைக் காட்டின. மாறவே மாறாத விதி எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டதும் இதே கணக்கால்தான்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்தத் துறையின் அடித்தளமான பிளாவ்-டங்கன் ஆய்வு, 1962இல் 20,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 1967இல் வெளிவந்தது. அத்தனை பேரும் ஆண்கள். தந்தையின் தொழில், மகனின் தொழில் என்றுதான் அட்டவணையே அமைந்தது. திருமணமான பெண்ணின் வர்க்கம் கணவன் வேலையைப் பொறுத்ததா, அவள் வேலையைப் பொறுத்ததா என்ற சண்டை 1980கள் வரை ஓடியது. ஏற்றத்தாழ்வை ஆராய வந்தவர்களே பாதி மக்கள்தொகையை மறந்துபோனது இந்தத் துறையின் வரலாற்றிலேயே உள்ள ஒரு தரவு.

பாகுபாடு என்று எப்படி நிரூபிப்பது?

இரண்டு குழுக்களுக்கு இடையே வேறுபாடு இருப்பதாலேயே பாகுபாடு நடந்தது என்று சொல்லிவிட முடியாது. இதற்குப் பாடப்புத்தக உதாரணம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். 1973இல் அங்கே முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான போக்கு காணாமல் போயிற்று. சொல்லப்போனால் லேசாகப் பெண்களுக்குச் சாதகமாக இருந்தது. கடும் போட்டியும் குறைந்த இடங்களும் உள்ள துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் ‘ஆக, பாகுபாடு இல்லை’ என்று முடித்துக்கொள்வதுண்டு. 1975இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்களே அப்படி முடிக்கவில்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்ற கேள்வி பள்ளிக்கூடத்தையும் வளர்ப்பையும் நோக்கிப் போகிறது. சேர்க்கைக் குழுவின் மேசையில் குற்றம் இல்லை என்றால் அது வேறெங்கோ முன்கூட்டியே நடந்து முடிந்திருக்கலாம்.

மேசையிலேயே நடக்கிறதா என்று பார்க்க ஒரு நேரடி வழி உண்டு: சோதனை. டெவா பேஜர் 2001இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நான்கு இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். இரண்டு வெள்ளையர் ஓர் இணை, இரண்டு கறுப்பர் ஓர் இணை. பேச்சு, உடை, தகுதி எல்லாம் ஒத்துப்போகும்படி பயிற்சி கொடுத்தார். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் விண்ணப்பத்தில் போதைப்பொருள் குற்றத்துக்காகச் சிறை சென்றதாகக் குறிப்பு இருக்கும். ஒருவரின் தனிப்பட்ட கவர்ச்சியோ தயக்கமோ முடிவைப் பாதித்துவிடக் கூடாது என்பதால் அந்தக் குறிப்பை வாரத்துக்கு வாரம் இருவருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். 350 நிறுவனங்களில் வேலை கேட்டதில் திரும்ப அழைப்பு வந்த கணக்கு:

1. குற்றப்பதிவு இல்லாத வெள்ளையர்: 34 விழுக்காடு
2. குற்றப்பதிவு உள்ள வெள்ளையர்: 17 விழுக்காடு
3. குற்றப்பதிவு இல்லாத கறுப்பர்: 14 விழுக்காடு
4. குற்றப்பதிவு உள்ள கறுப்பர்: 5 விழுக்காடு

இரண்டாவது, மூன்றாவது வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்தத் தப்பும் செய்யாத கறுப்பருக்குக் கிடைத்த வாய்ப்பு, சிறை சென்று வந்த வெள்ளையருடையதைவிடக் கூடவில்லை. பிறகு அதே நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து இப்படிப்பட்டவரை வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டபோது வந்த பதில்களுக்கும், அவர்கள் உண்மையில் செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. ‘நீங்கள் பாகுபாடு பார்ப்பீர்களா?’ என்று கேட்டு எடுக்கும் கருத்துக்கணிப்புகளை நான் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு பெயரை மட்டும் மாற்றியது. 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. ஒரே தகுதிக்கு, உயர்சாதி இந்துப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் சாத்தியத்தோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் இருந்தது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இது வாசலில் நடப்பதை மட்டுமே பிடிக்கும். வேலைக்குள் போன பிறகு யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு நல்ல பிரிவு என்பதைப் பிடிக்காது. விளம்பரமே வராமல், தெரிந்தவர் மூலம் நிரம்பும் வேலைகளை எட்டவே எட்டாது. சார்ல்ஸ் டில்லி 1998இல் ‘வாய்ப்புப் பதுக்கல்’ என்று பெயரிட்டது இதைத்தான்: யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை, நல்ல இடங்களைப் பற்றிய தகவல் தங்களவர்களுக்குள்ளேயே சுற்றினால் போதும்.

வீட்டுக்குள் கைமாறுவது

பணத்தைத் தவிர வேறு எதையெல்லாம் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்? பியர் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். 1960களில் 1,200க்கு மேற்பட்ட பிரெஞ்சுக்காரர்களிடம் அவர் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு கேள்வி: எதைப் படம்பிடித்தால் அழகான நிழற்படம் வரும்? சூரிய அஸ்தமனம், மரப்பட்டை, முட்டைக்கோஸ், கார் விபத்து என்று ஒரு பட்டியல். சாதாரணப் பொருளையும் அழகாக எடுக்கலாம் என்று சொன்னவர்கள் கல்வியும் குடும்பப் பின்னணியும் கூடக் கூட அதிகமானார்கள். ரசனை என்று நாம் நினைப்பது, யார் ‘நம்மவர்’ என்று நேர்காணல் அறையில் அடையாளம் காட்டும் அனுமதிச்சீட்டாகவும் வேலை செய்கிறது. பிரான்சுக்குப் பொருந்திய பட்டியல் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது, அந்த இயங்குமுறை பொருந்தும்.

அனெட் லரோ இன்னும் அருகில் போனார். 2003இல் வெளிவந்த ஆய்வுக்காக அமெரிக்கக் குடும்பங்கள் பன்னிரண்டின் வீடுகளில் அன்றாடம் உட்கார்ந்து கவனித்தார். நடுத்தர வர்க்கத் தாய் ஒருவர் மகனை மருத்துவரிடம் காரில் அழைத்துப் போகிறார். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டுமோ யோசித்து வை, எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறார். உள்ளே போன சிறுவன் மருத்துவர் பேச்சை இடைமறித்துத் திருத்துகிறான். உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலும் அன்புக்குக் குறைவில்லை, பிள்ளைகள் பெரியவர்களை மதித்தார்கள், உறவினரோடு ஒட்டுறவாக இருந்தார்கள். ஆனால் அதிகாரியிடமும் ஆசிரியரிடமும் கேட்டு வாங்கும் பழக்கம் அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது. கூடவே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

எந்தப் பட்டியலிலும் விழாதவர்கள்

1976இல் ஒரு வழக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்குறைப்பில் வேலை இழந்த கறுப்பினப் பெண்கள் ஐவர் நீதிமன்றம் போனார்கள். நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியால் இப்போது அவர்கள் வெளியே. நீதிமன்றம் சொன்னது: பெண்களை நிறுவனம் எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், இரண்டையும் சேர்த்துப் புதுப்பிரிவு உண்டாக்க முடியாது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர் என்பது அந்தத் தர்க்கத்தில் மறைந்துபோனது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கு உள்ளிட்ட சிலவற்றை வைத்துத்தான் ஊடுவெட்டுப் பார்வை (பாகுபாடுகள் ஒருவரிடம் குறுக்கிடும் இடத்தைச் சேர்த்துப் பார்ப்பது) என்ற கருத்தை முன்வைத்தார். ஆய்வு முறைக்கு இதன் விளைவு மிக எளிமையானது: சாதிவாரி அட்டவணை ஒன்று, பாலினவாரி அட்டவணை ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் போதாது, குறுக்கே சேர்த்துப் போட வேண்டும். அதற்குப் பெரிய மாதிரி வேண்டும், பணம் வேண்டும். அதனால்தான் அடிக்கடி நடப்பதில்லை.

யாரை ஆராய்வது எளிது?

ஸ்ரீபுரத்தில் பெத்தேய் தங்கியது அக்ரகாரத்தில். அங்கே இடம் கிடைத்ததாலேயே ஊரின் மற்றப் பகுதிகளுக்குத் தடையின்றிப் போய்வர முடியாமல் போனது என்று பின்னாளில் அவரே எழுதினார். ஆய்வாளரும் ஏணியில் ஏதோ ஒரு படியில்தான் நிற்கிறார், அங்கிருந்து தெரிவதைத்தான் எழுதுகிறார்.

மேற்படியைப் பார்ப்பது இன்னும் கடினம். ஏழையின் வீட்டுக்குள் ஆய்வாளர் போய் எத்தனை பாத்திரம் என்று எண்ணலாம். பெரும் பணக்காரரின் காவலாளி படிவத்தை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மேலே இருப்பவர்களை ஏன் ஆராய்வதில்லை என்று மானிடவியலாளர் லாரா நேடர் 1972இலேயே தன் துறையைக் கேட்டார். பதில் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தது: கணக்கெடுப்பை விட்டுவிட்டு வருமான வரித் தரவுகளை எடுத்துக்கொண்ட பிக்கெட்டி போன்ற பொருளியலாளர்களிடமிருந்து. தொடக்கத்தில் பார்த்த வருமான கினி 62க்கும் நுகர்வு கினி 25.5க்கும் உள்ள தூரத்தில் ஒரு பகுதி இதனால் வந்தது. முன்னதில் வரித் தரவும் கலந்திருக்கிறது, பின்னதில் கதவைத் திறந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

வரித் தரவும் முழுதல்ல. வெளிநாட்டு வங்கி ஒன்றிலிருந்தும் பனாமா ஆவணங்களிலிருந்தும் கசிந்த பெயர்களை ஸ்காண்டிநேவிய நாடுகளின் சொத்துப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சொத்தில் உச்சத்தில் உள்ள 0.01 விழுக்காட்டினர் கட்ட வேண்டிய வரியில் சுமார் கால் பங்கை ஏய்த்திருக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. வரி நிர்வாகம் மிகச் சீரானது என்று பெயரெடுத்த நாடுகளிலேயே உச்சியின் கணக்கு தெரிய ஆவணங்கள் கசிய வேண்டியிருந்தது.